நாலாம் பக்கத்தைப் படிக்காதவள்

என் மனைவிக்கு நீதிமன்றத்தில் ஒரு பட்டப்பெயர் உண்டு: ரிட்டர்ன் மேடம். கீழ்த்தளத்தில் மனுக்களைச் சரிபார்க்கும் பிரிவில் முப்பத்தொரு வருஷமாக உட்கார்ந்திருப்பவள். எனக்கும் ஒன்று உண்டு: மைக். மாடியில் மூன்றாம் நம்பர் அறை வாசலில் நின்று கட்சிக்காரர்களின் பெயரைக் கூப்பிடுவது என் வேலை. மூன்று தடவை கூப்பிட வேண்டும். மூன்றாவது தடவைக்கும் ஆள் வராவிட்டால் கேஸ் தள்ளுபடி. அவள் உள்ளே விட்டவர்களை நான் கூப்பிடுவேன். அவள் விடாதவர்கள் என்னிடம் வருவதே இல்லை. கல்யாணமான புதிதில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

அவள் வேலை சிரிக்கிற வேலை இல்லை. 'அரசியல் சாசனம் கொடுத்த உரிமை பறிபோய்விட்டது' என்று எழுதிக்கொண்டு நேராக எங்கள் நீதிமன்றத்துக்கு வருகிறவர்கள் ஏராளம். எல்லாரையும் உள்ளே விட முடியாது. அந்த உரிமையைக் காப்பாற்றவென்று ஒரு தனிச் சட்டம் போட்டிருந்தால், முதலில் அந்தச் சட்டத்தின் வழியாகத்தான் போக வேண்டும். அதைத் தாண்டிக் குதித்துச் சாசனத்தைப் பிடிக்கக் கூடாது. சட்டமே இல்லாத இடத்தில், அல்லது இருக்கிற சட்டம் எட்டாத இடத்தில் மட்டும்தான் சாசனத்தை நேரடியாகக் கையில் எடுக்கலாம். எது எந்த வகை என்று முடிவு செய்ய வேண்டியவர் நீதிபதி. ஆனால் ஒரு நாளைக்கு நூற்றுச் சொச்சம் மனு வந்து குவிந்தால் அவர்தான் என்ன செய்வார்? அதனால் முதல் சல்லடை என் மனைவி.

அந்தப் பிரிவில் ஒரு பழக்கம் இருந்தது. தலை-வால் பார்ப்பது என்று சொல்வார்கள். முதல் பக்கத்தில் என்ன பிரச்சினை என்று பார்க்க வேண்டும், கடைசிப் பக்கத்தில் என்ன கேட்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நடுவில் இருப்பதெல்லாம் அழுகை, அது மேலே இருப்பவர்களுக்கு. 'இதற்கெனத் தனிச் சட்டம் உள்ளது, உரிய தீர்ப்பாயத்தை அணுகவும்' என்று ஒரு ஸ்டாம்ப். அடித்துத் தேதி போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பதிவேட்டில் ஒரு வரி எழுதுவாள். அந்த வரியின் கடைசிக் கட்டம் 'மீண்டும் வந்த தேதி'. சாயந்தரம் வீட்டுக்கு வரும்போது வலது கட்டைவிரலில் மை இருக்கும். சோப்பு போட்டாலும் போகாது. நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசுவதை எப்போதோ நிறுத்திவிட்டோம்.

அவள் ஓய்வு பெற நாலு மாதம் இருக்கும்போதுதான் அந்தக் கைக்கடிகாரப் பட்டறைப் பெண் வந்தாள். வக்கீல் வைக்கவில்லை. கடிகாரத்துக்கு வார் மாட்டிப் பெட்டியில் அடுக்குகிற வேலை அவளுக்கு. வேலை முடிந்து போகும்போது பெண்களை ஒவ்வொருவராக ஒரு திரைக்குப் பின்னால் நிறுத்தி, உடையைத் தளர்த்தச் சொல்லி, கை விட்டுச் சோதிப்பார்களாம். ஆறு வருஷம் பொறுத்திருக்கிறாள். ஒருநாள் மகள் அவளைக் கூட்டிப்போக வந்து வாசல் கேட் அருகே நின்றிருக்கிறாள். அன்றைக்கு இவள் முடியாது என்றாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வேலை திரும்ப வேண்டும், அந்தத் திரை போக வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

கவுன்டரில் அவள் நீட்டிய தீர்ப்பாயத்து உத்தரவை என் மனைவி வாங்கிப் பார்த்தாள். வேலையிடச் சோதனை பற்றிய சட்டம் இருபது பேருக்குமேல் வேலை செய்யும் இடத்துக்குத்தான். இந்தப் பட்டறையில் பதினெட்டுப் பேர். சட்டம் பொருந்தாது, மனு தள்ளுபடி.

"பதினெட்டுப் பேருன்னா தீர்ப்பாயத்துக்கு ஏம்மா போனே? நேரா இங்கல்ல வரணும்?" என்று கேட்டாள் என் மனைவி.

"இங்கதான் மேடம் முதல்ல வந்தேன். நீங்கதான் அங்க போகச் சொன்னீங்க."

"பதினெட்டுப் பேருன்னு சொன்னியா?"

"நாலாம் பக்கத்துல எழுதியிருந்தேனே மேடம்."

என் மனைவி பதிவேட்டைப் புரட்டினாள். பதினொரு மாதத்துக்கு முந்தைய தேதி. நீதிமன்றத்தின் நீண்ட விடுமுறைக்கு முந்தின நாள். அவள் கையெழுத்து, அவள் ஸ்டாம்ப். புது மனுவுக்கு நம்பர் போட்டு மேலே அனுப்பினாள். அன்று வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாளே தவிரச் சாப்பிடவில்லை. கேட்டதற்குத் தலைவலி என்றாள். நானும் நம்பினேன்.

கேஸ் என் அறைக்கே வந்தது. முதல் தடவை கூப்பிட்டதுமே அந்தப் பெண் ஓடி வந்து நின்றாள். முதலாளியின் வக்கீல் எழுந்து இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, பட்டறை தனியாருடையது. சாசன உரிமையை அரசாங்கத்திடம்தான் கேட்க முடியும். இரண்டாவதுதான் கழுத்தைப் பிடித்தது. இப்படிப்பட்ட மனுவை ஆறு மாதத்துக்குள் போட வேண்டும், இவள் வந்தது பதினொரு மாதம் கழித்து.

"ஏம்மா இவ்வளவு தாமதம்?" என்று நீதிபதி கேட்டார்.

"ரெண்டாவது வாரமே கொடுத்தேங்கய்யா. திருப்பிக் கொடுத்துட்டாங்க."

"அந்த ஸ்டாம்ப் அடிச்ச தாள் எங்கே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "கிழிச்சுட்டேங்கய்யா. இங்க வேண்டாம்னு சொன்ன தாளைக் காட்டினா தீர்ப்பாயத்துல மட்டமா நினைப்பாங்களேன்னு, முதல் பக்கத்தை மட்டும் புதுசா எழுதி வெச்சேன்."

வக்கீல் லேசாகச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீதிபதி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கலாம் என்று எழுந்தார்.

நானும் என் மனைவியும் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். நடந்ததைச் சொன்னேன். அப்போதுதான் அவளும் மீதியைச் சொன்னாள். பதிவேட்டை மேலே கொண்டுபோய் நீதிபதியிடம் காட்டப் போவதாகவும் சொன்னாள்.

"பேசாம இரு. இன்னும் நாலு மாசம். உன் ஃபைல்ல இதுவரைக்கும் ஒரு கறுப்புப் புள்ளி இல்ல. எதுக்கு வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கற?" என்றேன்.

"ஓணான் இல்லீங்க. நான் அடிச்ச ஸ்டாம்ப்."

"எல்லாரும்தான் தலை-வால் பாக்கறாங்க."

"எல்லாரும் அவளைத் திருப்பி அனுப்பல. நான்தான் அனுப்பினேன்."

டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். எனக்கு அவள்மேல் கோபம், என்மேல் அதைவிடக் கோபம். முப்பது வருஷம் வாசலில் நின்று நியாயம் கேட்டவர்களைக் கூப்பிட்ட வாய், அன்றைக்கு என்ன சொல்லிற்று பாருங்கள்.

மதியம் நீதிபதி உட்கார்ந்ததும் கீழ்த்தளத்திலிருந்து பெஞ்ச் கிளார்க்கிடம் ஒரு சீட்டு வந்தது. நீதிபதி அதை வாங்கிப் படித்துவிட்டு என்னைப் பார்த்து, மனுப் பிரிவு எழுத்தரைக் கூப்பிடச் சொன்னார். வாசலுக்குப் போனேன். அவள் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டடி தூரத்தில் நின்றாள். இரண்டடியில் நிற்கிறவளைக் கூப்பிடக் குரல் வரவில்லை. மைக் அன்றைக்குக் கெட்டுப்போயிற்று. நான் திணறுவதைப் பார்த்து, அவளே தலையசைத்துவிட்டு உள்ளே போனாள்.

"இந்த அம்மா முதல்ல கொண்டுவந்த மனுவை முழுசாப் படிச்சீங்களா?" நீதிபதி கேட்டார்.

"இல்லீங்கய்யா. முதல் பக்கமும் கடைசிப் பக்கமும்."

"ஏன்?"

"அப்படியே பழகிட்டேங்கய்யா."

பிரிவையோ மேலதிகாரியையோ வேலைப் பளுவையோ அவள் இழுக்கவில்லை. எனக்குத்தான் உள்ளே கத்த வேண்டும்போல் இருந்தது.

இரண்டு வாரம் கழித்துத் தீர்ப்பு. தாமதம் அந்தப் பெண்ணுடையது அல்ல, நீதிமன்றத்தினுடையது என்றார் நீதிபதி. சட்டம் இருந்தால் சட்டத்தின் வழியாகத்தான் போக வேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் இந்தச் சட்டம் இருபது பேருக்குக் கீழே இறங்குவதில்லை. பதினெட்டுப் பேருக்கு மானம் கிடையாது என்று அதற்குப் பொருள் இல்லை. சட்டம் கைவிட்ட இடத்தில் சாசனத்தை நேரடியாகத் திறந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை. கை வைத்தது அரசாங்கமா முதலாளியா என்பது, கை வைக்கப்பட்ட உடம்புக்கு ஒன்றுதான். சோதனை நிற்க வேண்டும், வேலை திரும்ப வேண்டும். அந்தப் பெண் படியிறங்கிப் போகும்போது கவுன்டர் பக்கம் வந்து என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். நன்றி சொன்னாளாம். அதுதான் இவளை மிகவும் படுத்தியது.

மறுவாரம் மெமோ வந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்தாள், கண்டனம் பதிவானது. அன்றைக்கு ஐந்தரை மணி ஆகியும் அவள் வெளியே வராததால் கீழே போனேன். பிரிவில் யாருமில்லை. முப்பத்தொரு வருஷத்துப் பதிவேடுகளை அலமாரியிலிருந்து இறக்கி மேஜைமேல் அடுக்கி வைத்திருந்தாள்.

"வீட்டுக்குப் போகலாமா?"

"இந்தக் கடைசிக் கட்டத்தைப் பாருங்க. பக்கத்துக்கு ரெண்டு பேரோ மூணு பேரோதான் திரும்பி வந்திருக்காங்க. அவ வந்ததால தெரிஞ்சுது. மத்தவங்க நாலாம் பக்கத்துல என்ன எழுதியிருந்தாங்களோ?"

தோளைத் தொட்டேன். அவள் பழைய பதிவேடு ஒன்றில் ஒரு வரியில் விரலை வைத்தாள். தேதிக் கட்டம் காலியாக இருந்தது.

"இந்தப் பேரைக் கூப்பிடுங்க."

"யாரு வரப்போறாங்க?"

"வரமாட்டாங்கன்னு தெரியும். கூப்பிடுங்க."

தாழ்வாரத்துக்கு வந்து கூப்பிட்டேன். பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் துடைப்பத்தோடு நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்சம் விட்டு இரண்டாவது தடவையும் கூப்பிட்டேன். யாரும் வரவில்லை. மூன்றாவதற்கு மூச்சை இழுத்தபோது என் மனைவி பின்னால் வந்து கையைப் பிடித்தாள்.

"போதுங்க. மூணாவது கூப்பிட்டா தள்ளுபடி ஆயிடும்."