தீப்பந்தப் பலகை

கல்பாக்கத்துக்கு முன்னால், கிளைச்சாலை பிரியும் இடத்தில், ஓர் இளைஞன் முட்செடிகளை விலக்கித் துருப்பிடித்த பலகை ஒன்றைப் படமெடுத்துக்கொண்டிருந்தான். சிவப்பு முக்கோணம், அதன் கீழே எரியும் தீப்பந்தம். பார்த்ததும் என் உள்ளங்காலில் சவுக்கு ஊசிகள் குத்தின.

நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோதே அந்தப் பலகை அங்கே இருந்தது. அம்மாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது.

"பள்ளிக்கூடம்னா புள்ள படம் போடுவான். நெருப்ப இன்னாத்துக்குப் போட்டுகீறான்? அணு உலைல எதுனா ஆச்சுன்னா இங்கதான் மொதல்ல பத்திக்கும் போல."

தீப்பந்தம் கல்விக்கு அடையாளம், பக்கத்தில் பள்ளி இருப்பதைக் காட்டத்தான் வைத்திருக்கிறார்கள் என்று வாத்தியார் விளக்கினார். அம்மா தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். "அவரு சொல்லுவாரு. அவரு வூடு செங்கல்பட்டுல கீது."

அன்றிலிருந்து அந்தப் பலகைப் பக்கமே போகாமல் சவுக்குத் தோப்பு வழியாகச் சுற்றி வெறுங்காலோடுதான் பள்ளிக்குப் போனோம். மீன் வாடை அடிக்கும் அவள் கை என் மணிக்கட்டை விடாது. நடுவில் நின்று, புகை வாசனை வருகிறதா என்று காற்றை மோந்து பார்ப்பாள்.

இளைஞனிடம் விசாரித்தேன். பழைய சாலைப் பலகைகளைத் தேடித் திரிகிறவனாம். "ஸ்கூலுக்கு இப்படித் தீப்பந்தம் போட்ட போர்டு இப்பல்லாம் கிடைக்கிறதே இல்ல ஆன்ட்டி."

அம்மாவுக்குப் போன் போட்டேன். "வாத்தியார் சொன்னது நெசந்தாம்மா. இங்க ஒரு பையனும் அதையேதான் சொல்றான்."



"அவன் வூடு எங்க?"

அவனைக் கேட்டுச் சொன்னேன். "மெட்ராஸாம்."

"பாத்தியா," என்றாள் அம்மா.