சசிரேகாவுக்கு விழுந்த வசன அட்டை

2023ஆம் ஆண்டு ஜூன் 8, வியாழக்கிழமை. வெயிலின் கொடுமையால் பள்ளிகளைத் திறக்கும் நாளைத் தள்ளி வைத்திருந்தனர். ஒரகடத்தில் நண்பகலுக்குப் பின் புழுதிக்காற்று வீசியது, மழை பெய்யவில்லை. அன்று மூன்று மணியளவில், வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், பிரேக் குழாய்களைச் சோதிக்கும் இயந்திரம் பழுதாகி நின்றது.

அவ்வியந்திரத்தில் வேலை பார்த்தவர் சசிரேகா. வயது முப்பத்து மூன்று; மண்ணூரில் வாழ்க்கைப்பட்டவர்; ஆறு ஆண்டுகளாக அங்கே ஒப்பந்தத் தொழிலாளி. ஒவ்வொரு குழாயையும் இயந்திரத்தில் பொருத்தி, காற்றழுத்தம் கொடுத்து, கசிவு இல்லை என்று பச்சை விளக்கு எரிந்த பின், அதன் முனையில் மஞ்சள் மையால் ஒரு புள்ளி வைப்பது அவர் வேலை. புள்ளி இருந்தால் சோதித்தாயிற்று என்று பொருள்.

வெளியே லாரி காத்திருந்தது. நான்கு ட்ரே குழாய்கள் மீதமிருந்தன. சூப்பர்வைசர் சாம்சன் வந்தார்.

“மார்க்க வச்சு அனுப்பும்மா. காலையிலேருந்து ஒண்ணுகூட ஃபெயில் ஆகல. இது மட்டுமா ஆவப்போவுது?”

சசிரேகா நான்கு ட்ரேக்கும் புள்ளி வைத்தார். லாரி புறப்பட்டது.

சாம்சன் அவருக்கு மேலதிகாரி மட்டும் அல்லர். நெல்லைச் சீமையிலிருந்து பிழைக்க வந்த அவர், ஞாயிறுதோறும் தம் வீட்டு மாடியில், தகரக் கொட்டகையில், ஜெபக்கூட்டம் நடத்தினார். சசிரேகாவின் மகள் பூஜா டெங்குக் காய்ச்சலில் கிடந்தபோது சாம்சனின் குடும்பமே மருத்துவமனையில் உடனிருந்தது. அதன் பின்னர்ச் சசிரேகா அக்கூட்டத்துக்குப் போகத் தொடங்கினார். ஞானஸ்நானம் பெறவில்லை, பொட்டையும் அழிக்கவில்லை, வசனம் கேட்க மட்டும் போனார். அதற்கே வீட்டில் பகை மூண்டது.

“ஆட்டோ ஏறுனா அர மணில வல்லக்கோட்ட முருகன பாத்துடலாம். இவ இன்னாடான்னா தகரக் கொட்டாயில கை தட்டினு கீறா” என்று மாமியார் முனியம்மாள் தெருவுக்கே கேட்கும்படி சொல்லுவார். தொழிற்சாலையில் சசிரேகாவுக்கு ‘ஆமென் அக்கா’ என்று பெயர் வைத்துவிட்டனர்.

ஜூலை முதல் நாள், சனிக்கிழமை, குழாய்களை வாங்கிய கார் நிறுவனத்திடமிருந்து புகார் வந்தது. விற்பனைக்கு அனுப்புமுன் நடத்திய சோதனையில் மூன்று கார்களில் பிரேக் எண்ணெய் கசிந்ததாம். விசாரிக்க ஓர் அதிகாரி செவ்வாய்க்கிழமை வருவார் என்று அறிவித்தனர்.

மறுநாள் ஞாயிறு, மாதத்தின் முதல் ஞாயிறு. அக்கூட்டத்தில் அன்று வாக்குத்தத்தப் பெட்டியைச் சுற்றி அனுப்புவது வழக்கம். கண்ணை மூடி ஓர் அட்டையை எடுக்க வேண்டும். அதில் உள்ள வசனமே அம்மாதம் முழுவதற்கும் தேவன் தமக்குத் தந்த வாக்கு என்று நம்பினர். ஒருவருக்குச் செழிப்பு வந்தது. இன்னொருவருக்குப் பாதுகாப்பு வந்தது. அவரவர் மகிழ்ந்து அட்டையைப் பணப்பையில் வைத்துக்கொண்டனர். சசிரேகாவுக்கு வந்த அட்டையில் வாக்குத்தத்தமே இல்லை, கட்டளைதான் இருந்தது. உள்ளதை உள்ளது என்று சொல், இல்லதை இல்லது என்று சொல், அதற்கு மேல் பேசாதே என்னும் பொருளுடைய கட்டளை.

சாம்சன் அதை வாங்கிப் பார்த்தார், முகம் மாறியது.

“இது மாறி விழுந்துட்டும்மா. ஞாயிறு பள்ளிப் பிள்ளைங்களுக்கு அடிச்ச கார்டு. வேற எடு.”

“எனக்குன்னு வந்தத எப்டி சார் மாத்துறது?”

“இங்கப் பாரு, எழுத்தே தப்பு. ‘இல்லாதது’ன்னுல்லா வரணும்? ‘இல்லது’ன்னு அடிச்சிருக்கான். தப்பும் தவறுமா வந்தத வச்சிக்கிட்டு என்ன செய்யப்போற?”

சசிரேகா அட்டையைத் திருப்பித் தரவில்லை. எட்டாம் வகுப்பில் தமக்குத் தமிழ் கற்பித்த என்னைத் தொலைபேசியில் அழைத்து, அந்தச் சொல் பிழையா என்று கேட்டார். பிழை அன்று. உள்ளது என்பதற்கு எதிர்ச்சொல் இல்லது. இரண்டும் குறிப்பு வினையாலணையும் பெயர்கள். அச்சடித்தவர்மேல் குற்றம் இல்லை என்று சொன்னேன். எதற்காகக் கேட்டார் என்பதை அப்போது நான் அறியேன்.

திங்கட்கிழமை தேநீர் வேளையில், அந்தப் பிரிவில் வேலை செய்யும் பன்னிரண்டு பேரையும் சாம்சன் கூட்டினார்.

“நாளைக்கு யாரு கேட்டாலும் டெஸ்ட் பண்ணிட்டுத்தான் அனுப்புனோம்னு சொல்லணும். கார்ல மாட்டுனவன் தப்புன்னு போயிரும்.”

“நான் அப்டி சொல்ல மாட்டேன் சார்” என்றார் சசிரேகா.

குழாய்க்கு முனை பொருத்தும் தமிழ்வாணன் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தான்.

“இன்னாக்கா, கொழுப்பா? பெர்மனன்ட் லிஸ்ட்ல மொத பேரே உன்துதான். நீ வாயத் தொறந்தா நாங்க அத்தினி பேரும் கேட்டுக்கு வெளிய.”

“அவங்க மூணு வண்டியத்தான் புடிச்சாங்க தமிழு. மீதிய எத்தினி வண்டில மாட்டிக்கீறாங்களோ? அதுல கொயந்தய ஏத்தினு போவாங்கடா.”

“ஆமென்! மத்தியானம் சோத்துக்கு உன் கர்த்தரு டிபன் பாக்ஸு அனுப்புவாரு, போ.”

எல்லாரும் சிரித்தனர். சிரிப்பு அடங்கிய பின் எவரும் அவரிடம் பேசவில்லை.

சாம்சன் அவரைத் தனியே அழைத்தார். “மேல இருக்கவங்களுக்குக் கீழ்ப்படியணும்னும் வசனம் இருக்கு பிள்ள. அதையும் படிக்கணும்.”

“வசனத்த கேட்டா பத்தாது, அதும்படி செய்யணும்னு நீங்கதான சார் சொன்னீங்க?”

“சொன்னேன். அத எனக்கே திருப்பிச் சொல்லுதியா? ரெண்டு பொட்டப்பிள்ளைங்கள வச்சிருக்கேன். இந்த வயசுல எவன் எனக்கு வேல தருவான்? இனிமே நீ கூட்டத்துக்கு வர வேண்டாம்.”

வீட்டிலும் செய்தி முந்திக்கொண்டு வந்திருந்தது. முனியம்மாள் வாசலிலேயே நின்றார்.

“எங்க முருகனுக்கு ஒரு மொட்ட போட்டா போதும்டி, வுட்டுடுவாரு. உன் சாமி வேலையவே புடுங்குறாரா? வேல போச்சுன்னா வூட்டுப்படி ஏறாத.”

கணவர் சுப்பிரமணி தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை, கம்பெனிப் பேருந்தில் சசிரேகா உட்காரப் போன இருக்கையில் ஒருத்தி பையை வைத்தாள். ஒரகடம் வரை அவர் நின்றுகொண்டே போனார்.

பத்து மணிக்கு அதிகாரி வந்தார். மேலாளரும் சாம்சனும் அவருக்குப் பின்னால் நின்றனர். மஞ்சள் புள்ளி வைத்த குழாய் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அவர் ஒவ்வொருவராய்க் கேட்டார். தமிழ்வாணன், “டெஸ்ட் பண்ணிட்டுத்தான் சார் அனுப்புனோம்” என்றான். அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும் அதையே சொன்னார். சாம்சன் சசிரேகாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி சசிரேகாவின் முன் வந்து குழாயை நீட்டினார்.

“இந்த மார்க்க வெச்சது யாரும்மா? டெஸ்ட் பண்ணிட்டுத்தான் வெச்சீங்களா?”

“நான்தான் வெச்சேன் சார். டெஸ்ட் பண்ல.”