நான் மொழிபெயர்த்த ஆட்டம்

என் கணவருக்குக் கோல்ப் ஆடக் கற்றுக்கொடுத்தவள் நான். அதற்கு முன் அந்த ஆட்டத்தை நான் கண்ணால் கண்டதில்லை. பிறகும் முழு ஆட்டம் ஒன்றைப் பார்க்க எனக்கு வாய்க்கவில்லை.

அவர் கொல்லிமலையில் ஒரு காப்பித் தோட்டத்தின் கம்பவுண்டர். தோட்டத்து ஆட்களுக்கும், மலைமேலுள்ள திருப்புலி நாட்டிலிருந்தும் பைல் நாட்டிலிருந்தும் நடந்து வருகிற குடியானவர்களுக்கும் காய்ச்சலுக்குக் கொயினா கலந்து கொடுப்பதுதான் அவருடைய முதல் வேலை. பல நாட்களில் அது மட்டுமே வேலை. நாங்கள் மேலே வந்த இரண்டாவது மழைக்காலத்தில் எங்கள் மகள் மலைக்காய்ச்சலில் போய்விட்டாள். மூன்று வயது. மருந்துச்சாலைக்கு மேற்கே பலாமரத்தடியில் அவளை வைத்தோம். அதன்பின் அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். சிரிப்பு அடியோடு நின்றுபோயிற்று. ஊருக்கெல்லாம் பலித்த மருந்து சொந்த வீட்டில் பலிக்கவில்லை என்பதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் சீசாவைக் குலுக்கும்போது அவர் முகத்தில் அது தெரியும்.

அடுத்த ஆண்டு மார்கழியில் நான் மறுபடி கருவுற்றிருப்பது தெரிந்தது. இந்தக் குழந்தை மலைமேல் மழையைப் பார்க்கக் கூடாது என்று இருவரும் முடிவு செய்தோம். தோட்டத்துக்கு அடிவாரத்தில் காப்பிக்கொட்டை காயவைக்கிற கொட்டகையும், அதை ஒட்டி ஒரு சிறிய மருந்துச்சாலையும் இருந்தன. அங்கே மாற்றல் கிடைத்தால் போதும். அதற்குத் தோட்டத்துத் துரை மனம் வைக்க வேண்டும்.

துரை கெட்டவர் அல்லர். பேசத் தெரியாதவர், அவ்வளவுதான். மனைவி சீமையில் இருந்தாள். பக்கத்துத் தோட்டத்துத் துரை இருந்தவரை இருவரும் சனிக்கிழமை தோறும் புல்மேட்டில் கோல்ப் ஆடுவார்கள். அவர் ஊருக்குத் திரும்பிப் போனபிறகு இவர் தனியாக ஆடினார். தாமே அடித்துத் தாமே தேடிப் போவதைப் பார்த்தால் தொலைந்த மாட்டைத் தேடுகிறவர்போல இருக்கும் என்று தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள். ஒருநாள் மருந்துச்சாலைக்கு வந்தவர் என் கணவரின் கைகளைக் கவனித்திருக்கிறார். நடுக்கமில்லாத நீண்ட விரல்கள். நீ ஆடக் கற்றுக்கொள்கிறாயா என்று கேட்டு, மறுநாளே இரண்டு பழைய மட்டைகளையும் நாலைந்து பந்துகளையும் ஒரு புத்தகத்தையும் அனுப்பிவிட்டார்.

“வாரம் ஒரு பொழுது அவர்கூட நடந்துக்கிட்டே போகலாம். எப்பவாவது கேக்கறதுக்கு ஒரு நேரம் அமையும்” என்றார் என் கணவர். அதுதான் எங்கள் திட்டம்.

அவருடைய ஆங்கிலம் மருந்துச் சீசாக்களின் மேல் ஒட்டிய தாள்களில் கற்றது. நான் மிஷன் பள்ளி விடுதியில் ஆறு வருடம் இருந்தவள். எனவே புத்தகம் என் பங்காயிற்று. பகலில் படித்து, பென்சிலால் ஓரத்தில் தமிழில் குறித்துக்கொள்வேன். மாலையில் மருந்துச்சாலைக்குப் பின்னால், கேழ்வரகு அறுத்த தாள்கள் நிற்கிற வயலில், அவர் மட்டையோடு நிற்க நான் வாசித்துச் சொல்வேன்.

மொழிபெயர்ப்பது எளிதாக இல்லை. ஆள் ஒரு பீப்பாய்க்குள் நிற்பதாகப் பாவித்துக்கொண்டு இடுப்பைத் திருப்ப வேண்டும் என்று எழுதியிருந்தது. பீப்பாய்க்குள் நின்ற அனுபவம் எங்கள் இருவருக்குமே இல்லை. தானியக் குதிருக்குள் இறங்கி நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன், உடனே விளங்கிவிட்டது. மட்டையை எவ்வளவு அழுத்திப் பிடிப்பது என்று அரைப் பக்கம் இருந்தது. குழந்தைகளுக்கு ஊசி போடும்போது பிடிப்பீர்களே, அந்த அளவு என்றேன். ஒன்றை மட்டும் அந்த ஆசிரியர் எல்லா அத்தியாயத்திலும் சொல்லியிருந்தார்: அடிக்கும்போது தலையைத் தூக்காதே. பந்து எங்கே போகிறது என்று பார்க்கிற அவசரத்தில் அடி முடியுமுன்பே தலை நிமிர்ந்துவிடுகிறது. புதியவன் செய்கிற எல்லாப் பிழைகளுக்கும் அதுவே வேர்.

முதல் பத்து நாட்கள் பந்து இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. மட்டை காற்றை வெட்டும், அல்லது மண்ணைக் கிளறும். உள்ளங்கை கொப்பளித்துத் துணி சுற்றிக்கொண்டார். மருந்துச்சாலைக்குத் தண்ணீர் சுமக்கும் மலைக்குடியானவள் ஒருத்தி, என்னைவிடச் சில வயது மூத்தவள், குடத்தை இறக்கி வைத்துவிட்டு இந்த வேடிக்கையைப் பார்ப்பாள்.

“ஏனுங்க சாமி, கொத்தறதுன்னா களக்கொட்டு எடுத்தாந்து தாரேனுங்க. அந்தக் குச்சியில எத்தன நாளைக்கு ஒழவு ஓட்டுவீங்க?” என்று ஒருநாள் கேட்டாள்.

அவர் மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி மட்டையை ஓங்கினார். எனக்குச் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்து வந்தன. அவரிடமிருந்து மட்டையை வாங்கினேன். காட்டத்தான் வாங்கினேன், அடிக்க அல்ல. முந்தானையை இழுத்துச் செருகி, குதிருக்குள் நின்று, தலையைத் தாழ்த்தி, புத்தகத்தில் இருந்ததை ஒவ்வொன்றாக எனக்கே சொல்லிக்கொண்டு மட்டையை வீசினேன். கையில் எதுவும் பட்டதாகவே தெரியவில்லை. ஒரு மெல்லிய ஓசை மட்டும் கேட்டது. நிமிர்ந்தபோது பந்து மருந்துச்சாலைக் கூரையைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது.

“அம்மணிதானுங்க தொரையோட போகோணும்” என்றாள் அவள். “சாமி ஊட்டுல ஒலை வெக்கட்டும்.”

என் கணவர் சிரித்தார். மகள் போனபிறகு முதல் தடவை. மட்டையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் நீர் வர, நெடுநேரம் சிரித்தார். நான் அதன்பின் மட்டையைத் தொடவில்லை. ஆனால் உள்ளங்கையில் அந்த ஒன்றுமற்ற உணர்வு பல நாள் தங்கியிருந்தது.

குழி விஷயத்தில்தான் அந்தத் தண்ணீர் சுமப்பவளோடு ஒரு தகராறு வந்தது. பந்தை உருட்டி விழச்செய்து பழக, வயல் ஓரத்தில் ஒரு தகர டப்பாவின் அளவுக்கு அவர் குழி தோண்டியிருந்தார். மறுநாள் காலை அது மூடிக் கிடந்தது. மறுபடி தோண்டினார், மறுபடி மூடியிருந்தது. விசாரித்ததில் அவள்தான் என்று தெரிந்தது. ஒளிக்கவில்லை. தோண்டிய குழிக்குள் விதை போட வேண்டும், அல்லது பந்தல்கால் நட வேண்டும். ஒன்றும் போடாமல் வெறுமையாகத் திறந்து வைத்தால் அது யாருக்கோ காத்திருக்கிறது என்று பொருள். அவள் வீட்டு வழக்கம் அப்படி. வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் இது ஆகாது என்றாள். புல்மேட்டில் துரை வெட்டிய நாலு குழிகளையும் அவள் பலமுறை மூடியிருக்கிறாள் என்பதும், துரை அதைக் காட்டுப்பன்றியின் வேலை என்று நினைத்திருந்தார் என்பதும் அப்போதுதான் தெரிந்தன. கடைசியில், ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு குழிமேலும் தட்டைக் கல் ஒன்றை வைத்துவிடுவது என்று ஏற்பாடாயிற்று. என் கணவர் அதை ஒருநாளும் தவறவிட்டதில்லை.

மிளகு பறிப்பு முடிந்த சமயத்தில் அவர் சனிக்கிழமைகளில் புல்மேட்டுக்குப் போகத் தொடங்கினார். முதல் நாள் பாதிப் பந்துகள் புதரில் போயின, துரை கோபிக்கவில்லையாம். நாலைந்து வாரத்தில் பந்து நேராகப் போகலாயிற்று. அவர் திரும்பி வரும்போது நான் வாசலில் நிற்பேன். கேட்டீர்களா என்று என் வாய் கேட்காது. அவர் கால் கழுவிக்கொண்டே, இன்றைக்கு நேரம் அமையவில்லை என்பார்.

எனக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது கேட்டுவிட்டார். துரை பந்தைக் கையில் உருட்டிக்கொண்டே, மழை முடியட்டும் பார்க்கலாம் என்றிருக்கிறார். பிறகு சிரித்தபடி, நீ இறங்கிப் போய்விட்டால் நான் யாரோடு ஆடுவது என்றும் கேட்டிருக்கிறார்.

அவர் இதைச் சொல்லிவிட்டுத் துண்டால் பாதங்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைக்க ஈரம் ஒன்றும் இல்லாத பிறகும்.

“இனிமே மோசமா ஆடுங்க” என்றேன் நான். “மொதல்ல எப்படி ஆடுனீங்களோ அப்படி. அவருக்கே சலிச்சுப்போகும்.”

அவர் தலையசைத்தார். அடுத்த சனிக்கிழமை போனார். வழக்கத்தைவிடப் பொழுது சாய்ந்துதான் திரும்பினார். முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

“கெடுக்கோணும்னுதான் போனேன். ரெண்டு மூணு தடவ கெடுக்கவும் செஞ்சேன்” என்றார். “அப்பறம் ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு அடி. கையில பட்ட மாதிரியே இல்லம்மா. தானா எழும்பிப் போச்சு. அத மட்டும் கெடுக்க மனசு வரல.”

நான் சோறு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். அவர் சொன்னது இன்னது என்று எனக்குத் தெரியும்; என் உள்ளங்கைக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் திட்ட முடியவில்லை. அதே காரணத்தால் மன்னிக்கவும் முடியவில்லை. தெரியாதவளாக இருந்திருந்தால் இரண்டில் ஒன்றைச் செய்திருப்பேன். அடுத்த இரண்டு சனிக்கிழமைகளில் நான் வாசலில் நிற்கவில்லை.

ஆனி மாதம், ஏழாம் மாதத்தில், என்னைப் பிறந்த வீட்டுக்கு டோலியில் இறக்கினார்கள். சோளக்காடு என்னும் ஊரைத் தாண்டி, இறக்கத்துப் படிக்கற்கள் தொடங்கும் இடம்வரை அவர் கூடவே நடந்து வந்தார். அங்கே டோலிக்காரர்கள் தோள் மாற்றிக்கொள்ள நின்றார்கள். மழை முடிந்ததும் தானும் இறங்கிவிடுவதாகவும், துரை இந்த முறை ஒப்புக்கொண்ட மாதிரிதான் என்றும் சொன்னார். அந்த ‘மாதிரி’யை நான் பிடித்துக்கொள்ளவில்லை. இரண்டு வாரம் வாசலில் நிற்காத குற்றம் என் நெஞ்சில் இருந்தது. அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், “தலையத் தூக்காம ஆடுங்க” என்றேன்.

அவர் சிரித்தார். அந்த இரண்டாவது சிரிப்பும் எனக்குக் கிடைத்தது.

ஆடியில் துரையின் கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் அப்பா அதை என்னிடமே கொடுத்தார். அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். நான் வாசித்து, வாசிக்க வாசிக்கத் தமிழில் சொன்னேன். கேழ்வரகு வயலில் சொல்லுவேனே, அதே நிதானத்தில், வாக்கியம் வாக்கியமாக. ஞாயிற்றுக்கிழமை குளிர் கண்டது. மறுநாள் சிறுநீர் கறுத்துப் போயிற்று. அவரே அதைச் சீசாவில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, இது கருநீர்க் காய்ச்சல் என்று சொன்னார். மூன்றாம் நாள் பொழுது விடிந்தபோது முடிந்துவிட்டது. மழையில் பாதை அறுந்து கிடந்ததால் ஆள் அனுப்பி எங்களுக்காகக் காத்திருக்க இயலாமல், குழந்தைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

ஒரு வரியை மட்டும் நான் தமிழில் சொல்லவில்லை. இந்த ஆட்டத்துக்கென்றே பிறந்த கைகள் உன் கணவருக்கு. இன்னும் ஓர் ஆண்டு இருந்திருந்தால் என்னை வென்றிருப்பார் என்று துரை எழுதியிருந்தார். அவர் அறிந்த மிகப் பெரிய மரியாதை அதுதான் என்பது எனக்குப் புரிந்தது. அப்பாவிடம் அதை எந்தச் சொல்லில் சொல்வேன்?

ஆவணியில் மகன் பிறந்தான்.

தை மாதம், உறவினர் பலர் வேண்டாமென்று தடுத்தும், அப்பாவோடு மலையேறினேன். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டு வந்தான். பலாமரத்தடியில் இரண்டு மேடுகள் இருந்தன. பெரியது இன்னும் அமுங்கவில்லை. துரை தொப்பியைக் கழற்றிக்கொண்டு சற்றுத் தள்ளி வந்து நின்றார். மழைக்குப் பின் மாற்றலுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்றார். உண்மையாகவே சொன்னார் என்று நம்புகிறேன். தாம் இப்போது ஆடுவதில்லை என்றும் சொன்னார். அவருடைய புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஓரத்துப் பென்சில் எழுத்துகளைப் புரட்டிப் பார்த்தவர், இது உன்னிடமே இருக்கட்டும் என்று என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

தண்ணீர் சுமப்பவள் குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

“புல்மேட்டு நாலு குழியையும் மூடிட்டேனுங்க அம்மணி. இந்த வயக்காட்டுக் குழியயுஞ் சேத்து அஞ்சு” என்றாள். “சாமி படுத்ததுல இருந்து கல்லு வெக்க ஆளில்ல. தொரை மறுக்கா தோண்டச் சொல்லி ஆள் உட்டாரு. அம்மணி வந்து சொன்னா தோண்டித் தாரேன்னுட்டேன்.”

“என்ன போட்டு மூடின?”

“சாமைதானுங்க. வெறுங்கையோட மூடலாங்களா?”

இடுப்புச் சேலையில் முடிந்திருந்ததை அவிழ்த்துக் கொடுத்தாள். ஐந்து குழிகளில் விளைந்தது என் ஒரு கைப்பிடிக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது. தோண்ட வேண்டுமா என்று அவள் கேட்கவில்லை. வேண்டாம் என்று நானே சொன்னேன்.

மாசியில் மகனுக்கு முதல் சோறு ஊட்டினோம். வழக்கப்படி அரிசிச் சோறுதான் என்று அம்மா சொன்னாள். அதை மறுக்காமல், அடுப்பின் மறுபக்கத்தில் அந்தச் சாமையைக் குத்திப் புடைத்துக் குழைய வேகவைத்தேன். எந்தக் குழியில் விளைந்தது என்று யாருக்கும் சொல்லவில்லை. சாமையின் முதல் வாயை அவன் முகம் சுளித்துத் துப்பினான். இரண்டாவதை விழுங்கினான்.