எதிரணியின் வட்டத்தில் நின்றவன்

டெல்மர் கோவாச் எந்தக் கல்லூரிக்கு வேலைக்குப் போனாலும், ஆகஸ்ட் மாதத்து முதல் கூட்டத்தில் தன் பையன்களுக்கு முதலில் காட்டுவது அந்த நாற்பது விநாடிப் படத்தைத்தான். ஐந்து கல்லூரிகளில் பதினெட்டு ஆகஸ்டுகள் காட்டியாகிவிட்டது.

அவர் லைன் கோச். அமெரிக்க ஃபுட்பாலில் பந்தை எறிகிறவனுக்கும் ஏந்தி ஓடுகிறவனுக்கும் முன்னால் சுவராக நிற்கும் ஐந்து தடியர்களைப் பழக்குவது அவர் வேலை. அந்த ஐந்து பேரின் பெயர் பேப்பரில் வராது. சுவர் இடிந்த அன்று மட்டும் வரும். கோவாச்சின் பெயர் அன்றுகூட வராது. ஆனால் அந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அவரைத் தெரியும். "கோவாச்சா? அந்தப் படம் வச்சிருக்கிறவர்தானே?" என்பார்கள்.

படத்தில் நவம்பர் மாதத்துச் சேறு. சுவரின் நடுவில் சென்டராக ஆடுகிற ஐம்பத்தேழாம் எண்காரன், ஜெரெட் பிட்னர், பந்தைப் பின்னால் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்தபடி எதிரணிக்காரன் ஒருவன்மேல் மோதுகிறான். ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் மோத, பிட்னர் விழுகிறான். வழக்கமாக ஆட்டம் நின்றதும் கேமராவை நிறுத்திவிடுவார்கள். அன்று மாடியிலிருந்து படம் எடுத்தவன் மறந்துவிட்டான். அதனால் மீதியும் பதிவாகியிருந்தது. பிட்னர் மண்டியிட்டு, கையூன்றி எழுகிறான். நேராக நடந்து எதிரணி கூடி நின்ற வட்டத்துக்குள் போகிறான். அடுத்து என்ன ஆடப்போகிறோம் என்று கேட்க, அவர்களோடு சேர்ந்து தானும் குனிந்து நிற்கிறான்.

இந்த இடத்தில் ஒவ்வொரு வருடமும் அறை அதிரும். கோவாச் படத்தை நிறுத்துவார்.

"பாத்தீங்களாடா? மோதுறதுன்னா இவனுக்கு அவ்வளவு வெறி. எந்தப் பக்கம்னெல்லாம் கவலை இல்ல. அவங்க ஒரு சட்டை குடுத்திருந்தா அவங்களுக்கும் ஆடிட்டுப் போயிருப்பான்."

பிறகு மீதியை ஓட்டுவார். எதிரணிக்காரன் ஒருவன் பிட்னரை வெளியே தள்ளிவிடுகிறான். அவன் கோட்டோரமாகத் தள்ளாடி வந்து, திரும்பி, தன் அணிக்கு ஓடுகிறான். அடுத்த மோதலிலேயே தன் எதிரில் நின்றவனைப் பத்து கஜம் தள்ளிக்கொண்டுபோய் மல்லாக்கச் சாய்க்கிறான். "முடிக்கிறதுன்னா இப்படி முடிக்கணும்," என்பார் கோவாச். அத்தோடு பாடம் முடிந்தது.

கோவாச் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவர் அவர்தான். அப்பாவும் பெரியப்பாவும் கேம்ப்ரியா மாவட்டத்துச் சுரங்கத்தில் நுரையீரலைக் கரியாக்கிக்கொண்டவர்கள். அவருக்குப் பட்டம் கொடுத்தது படிப்பு இல்லை, தோள். வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று தனக்கு மட்டும் தெரியாததுபோல நான்கு வருடமும் கூசியவர், மைதானத்தில் மட்டும் கூசவில்லை. அதனால் அங்கேயே தங்கிவிட்டார். தலைமைக் கோச்சை நீக்கினால் உதவியாளர்கள் எல்லோரும் போக வேண்டும் என்பது தொழில் வழக்கம். மேற்கு வர்ஜீனியா, ஒஹாயோ, இண்டியானா, வடக்கு டகோட்டா என்று மாறி, அறுபத்தொரு வயதில் மேற்குப் பென்சில்வேனியாவின் ஒரு சின்னக் கல்லூரிக்கு வந்து சேர்ந்திருந்தார். இங்கும் வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற வேலைதான். மனைவி லொரெய்ன் கண்ணாடிப் பாத்திரங்களைப் பெட்டியிலிருந்து எடுப்பதையே விட்டுவிட்டாள். சின்ன மகள் நான்கு பள்ளிகளில் படித்து முடித்தாள்.

ஜூலை இருபத்தேழாம் தேதி, புதன்கிழமை, பயிற்சி முகாம் தொடங்குவதற்கு முன்பு, நாற்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண் அவர் அறைக் கதவைத் தட்டினாள். பல் மருத்துவமனைச் சீருடை போட்டிருந்தாள்.

"நீங்க என்னைப் பாத்ததில்ல. என் பேரு கெண்ட்ரா. ஜெரெட் பிட்னரோட மனைவி. ஈரியிலேர்ந்து வர்றேன்."

"பிட்னரா? உக்காரும்மா, உக்காரு. அந்தக் கழுத எப்படி இருக்கான்?"

"நல்லா இல்ல, கோச்."

அவள் அழாமல் சொன்னாள். பலரிடம் சொல்லிப் பழகியதுபோல இருந்தது. நான்கு வருடமாக மறதி. அடுப்பை அணைப்பதில்லை. வேலை போய்விட்டது. ஒரு நிமிடம் சாதுவாக இருப்பவன் அடுத்த நிமிடம் கதவைப் பெயர்க்கிறான். பதினொரு வயதுப் பையன் அப்பா இருக்கும் அறைக்குள் வருவதில்லை.

"பிட்ஸ்பர்க்ல ஒரு சிகிச்சை மையம் இருக்கு. வீட்டுலயே வச்சுப் பாத்துக்க ஆள் அனுப்புவாங்க, மருந்து தருவாங்க. ஆனா தலையில அடிபட்டதுக்கு ஏதாவது ஆதாரம் வேணும்கிறாங்க. பழைய காலேஜ்ல கேட்டேன். ரெக்கார்டுல ஒரு வரிகூட இல்ல."

"அவன் ஒரு ஆட்டம்கூட உக்காந்ததில்லையேம்மா. நாலு வருஷமும் ஆடினான்."

"தெரியும். போன மாசம் கடையில ஒருத்தர் ஓடி வந்து அவர் கையைப் பிடிச்சாரு. உங்ககிட்ட டகோட்டால ஆடினவராம். 'நீங்கதானே அந்த பிட்னர்? அவங்க வட்டத்துல போய் நின்னவரு?'ன்னு ஒரே சிரிப்பு. இவரும் கூடவே சிரிச்சாரு. அப்புறம் கார்ல வந்து உக்காந்து, 'கெண்ட்ரா, அது எந்த ஆட்டம்?'னு என்னைக் கேட்டாரு. அப்படி ஒண்ணு நடந்ததே அவருக்குத் தெரியாது, கோச். அன்னிக்கே தெரிஞ்சிருக்காது."

கெண்ட்ரா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"கேஸ் போட வரல. காசும் வேண்டாம். அந்தப் படம் மட்டும் குடுங்க. கூட ரெண்டு வரி எழுதுங்க. அப்பா கெட்டவர் இல்ல, அடிபட்டவருன்னு என் பையன்கிட்ட நான் சொல்லணும். ஏதாவது விபரீதமா நடக்கறதுக்குள்ள."

"அது பழைய டேப்பும்மா," என்றார் கோவாச். "வீடு மாத்தி மாத்தி எங்கேயோ போயிடுச்சு."

அவர் முன்னால் கணினி திறந்துதான் இருந்தது. அந்தப் படம் அதிலேயே இருந்தது. கெண்ட்ரா ஒரு காகிதத்தில் தன் எண்ணை எழுதி மேசையில் வைத்தாள். "கிடைச்சா கூப்பிடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஏன் பொய் சொன்னோம் என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டார். வேலைக்குப் பயந்தா? அதுவும்தான். ஆனால் அது முழு பதில் இல்லை. கதவைச் சாத்திவிட்டுப் படத்தை ஓட்டினார். அந்தப் படத்தின்மேல் எப்போதும் தன் குரலைப் போட்டே பார்த்துவந்தவர் அவர். பேசாமல் பார்த்தது அதுவே முதல் முறை. விழுந்தவனின் கைகள் காற்றில் விறைத்து நின்றதை முதல் முறையாகப் பார்த்தார். எழுந்தவனின் இடது கால் இழுபடுவதைப் பார்த்தார். யார் கால் எத்தனை அங்குலம் தவறாக வைத்தது என்று ஒவ்வொரு ஆட்டத்தையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்து மார்க் போடுவதுதான் அவர் பிழைப்பு. அந்தக் காலை மட்டும் எப்படிப் பார்க்காமல் போனார்?

கோட்டோரத்தில், சட்டகத்தின் விளிம்பில், தொப்பி போட்ட ஒருவர் பிட்னரின் தோளைப் பிடித்துத் திருப்பி, ஹெல்மெட்டில் ஒரு தட்டுத் தட்டி உள்ளே அனுப்புகிறார். அது அவர்தான். அன்று பிட்னர் கேட்டது படத்தில் இல்லை. படத்தில் சத்தம் கிடையாது. ஆனால் அவருக்கு ஞாபகம் இருந்தது.

மறுநாள் தலைமைக் கோச் பிராண்டிடம் பட்டும் படாமலும் சொல்லிப் பார்த்தார். பிராண்ட் அவரைவிட இருபது வயது சின்னவன்.

"நம்ம காலேஜ்ல நடந்ததில்லையே, டெல். ஏன் தலையைக் குடுக்கறீங்க? மறுபடி வந்தா வக்கீல்கிட்ட பேசச் சொல்லுங்க. எனக்கு செப்டம்பர்ல ஒரு சுவர் வேணும், அதைக் கட்டுங்க."

ஆகஸ்ட் எட்டாம் தேதி முகாம் தொடங்கியது. முதல் கூட்டத்தில் அவர் படத்தைத் தொடாமல் நேராகக் கால் பயிற்சிக்குப் போகப் பார்த்தார். பழைய பையன்கள் விடவில்லை.

"கோச், பிட்னர் எங்க?"

"புதுசா வந்தவனுங்க இன்னும் பாக்கல, கோச். நாங்க மட்டும் சிரிச்சா நியாயமா?"

"கோச்சுக்கு வயசாயிடுச்சுடா, பட்டன் எதுன்னு மறந்துட்டாரு."

மேசையைத் தட்டி, பிட்னர், பிட்னர் என்று கூவினார்கள். அவர் படத்தைப் போட்டார். பத்தொன்பதாவது ஆகஸ்ட். அறை அதிர்ந்தது. அவர் நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தி, சொல்லவேண்டியதைச் சொன்னார். தன் சிரிப்புச் சத்தம் தன் காதிலேயே விழுந்தது. சிரிக்காமல் இருந்திருக்க முடியாதா? முடிந்திருக்கும். யாரும் அவர் கழுத்தில் கத்தி வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது லொரெய்ன் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே பேசினாள்.

"கெண்ட்ரா பிட்னர்னு ஒரு பொண்ணு போன் பண்ணா."

"என்னவாம்?"

"டேப் கிடைச்சுதான்னு கேக்கல. இனிமே தேட வேண்டாம்னு சொல்லச் சொன்னா. நேத்து ஜெரெட் பையனைத் தூக்கி மாடிப்படியில வீசிட்டானாம். காறை எலும்பு ரெண்டு துண்டு. வீட்டுப் பக்கம் வரக் கூடாதுன்னு கோர்ட் உத்தரவு."

கோவாச் கார் சாவியை மேசையில் வைத்தார்.

"வியாழக்கிழமை வியாழக்கிழமை நம்ம வீட்டுல பிரோகி தின்னுட்டுப் போன பையன்," என்றாள் லொரெய்ன். "நம்ம சின்னவளை முதுகுல ஏத்திக்கிட்டுத் தோட்டமெல்லாம் ஓடுவான். அந்தப் படம் எங்க போச்சுன்னு அவகிட்ட சொன்ன, டெல்?"

"தொலைஞ்சுபோச்சுன்னு."

அவள் கையிலிருந்த துண்டை மடித்து முடித்தாள். அடுத்ததை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பயிற்சியை விட்டுவிட்டு அவர் ஈரிக்குக் காரோட்டினார். முப்பத்தாறு வருடத்தில் பயிற்சிக்கு வராமல் இருந்தது அன்றுதான். பிராண்ட் இரண்டு முறை கூப்பிட்டான். எடுக்கவில்லை. ஜெரெட்டை அவன் அண்ணன் வீட்டுக் கார் கொட்டகையில் ஒரு கட்டில் போட்டு வைத்திருந்தார்கள். கெண்ட்ரா மடிப்பு மேசையில் அவனுக்கு மாத்திரைகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். அவரை ஒரு முறை பார்த்துவிட்டு மாத்திரைகளை எண்ணினாள். ஜெரெட் எழுந்து நின்றான். கோச் உள்ளே வந்தால் எழுந்து நிற்பது பழைய பழக்கம்.

"கோச். இளைச்சுட்டீங்களே. லொரெய்ன் அம்மா கோவிச்சுக்கிட்டு சமைக்கறதில்லையா?"

"நீ நல்லாத்தான் இருக்க," என்றார் கோவாச்.

கையோடு கொண்டுவந்த மடிக்கணினியை மேசையில் வைத்துப் படத்தை ஓட்டினார். இந்த முறை எங்கும் நிறுத்தவில்லை. ஜெரெட் குனிந்து கவனமாகப் பார்த்தான், மாணவனைப் போல.

"ஐம்பத்தேழு. அது என் நம்பர்."

"நீதான்டா அது."

"நான் எதுக்கு அங்க போய் நிக்கறேன்?" சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "கடைசியில நல்லா முடிச்சிருக்கேன்ல, கோச்?"

கெண்ட்ரா திரையில் கோட்டோரத்தைத் தொட்டாள். "இது யாரு? இங்க இவரைப் பிடிச்சுத் திருப்பறது?"

"நான்தான்."

"அப்ப இவர் ஏதாவது சொன்னாரா?"

"'கோச், நம்ம பசங்க எந்தப் பக்கம்?'னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. திருப்பிவிட்டேன்."

அவள் மையத்தின் படிவத்தை எடுத்து வைத்தாள். "அனுப்பத்தான் போறேன். இப்ப அவங்க இவரை எடுத்துக்கிட்டாலும் வீட்டுல வச்சுப் பாக்க முடியாது. அந்த உத்தரவு இருக்கு. வேற எங்கேயாவதுதான் போடுவாங்க. ஆனா என் பையனுக்கு ஒரு காகிதம் வேணும்."

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: சம்பவத்தின்போது பொறுப்பில் இருந்தவர் எவராவது காயத்தை அறிந்திருந்தாரா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். இல்லை என்று போடலாம். அன்று அவருக்குக் காயம் என்று தோன்றவில்லை என்பது பொய்யும் அல்ல. அறியாமல் இருந்ததும் அறிய விரும்பாமல் இருந்ததும் ஒன்றா? தெரியாதவனுக்கு ஏன் அந்தக் கேள்வி மட்டும் பத்தொன்பது வருடம் ஞாபகம் இருக்க வேண்டும்?

ஆம் என்ற கட்டத்தில் குறி போட்டார். கீழே எழுதினார்: எந்தப் பக்கம் என்று அவன் என்னிடம் கேட்டான். நான் அவனை மீண்டும் ஆட அனுப்பினேன். பிறகு அதை வேடிக்கையாகப் பலருக்குக் காட்டினேன். கையெழுத்துப் போட்டு, கல்லூரியின் பெயரையும் தன் வேலையையும் எழுதினார். இந்தக் காகிதம் வெளியே போனால் அந்த வேலை இருக்காது என்று தெரிந்தே எழுதினார்.

கெண்ட்ரா அதை இரண்டு முறை படித்தாள். நன்றி சொல்லவில்லை.

"தேதி போடல."

அவர் ஆகஸ்ட் பதினான்கு என்று எழுதிக் கொடுத்தார். அவள் காகிதத்தை வாங்கவில்லை.

"நான் உங்க அறைக்கு வந்த தேதியையும் போடுங்க, கோச். அன்னிக்கு என்கிட்ட என்ன சொன்னீங்கன்னும் எழுதுங்க."

ஜெரெட் கட்டிலில் உட்கார்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். கோவாச் பேனாவை எடுத்து, இன்னொரு வரி எழுத இடம் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. ஜூலை இருபத்தேழு என்று எழுதத் தொடங்கினார்.