கஸ்தூரி வைத்திருந்த வெள்ளி டாலர்

கஸ்தூரி இறந்த செய்தி செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்துக்கு வந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து அவளுடைய தம்பி பேசினார். "அக்கா போயிட்டாங்க மேடம். தண்ணி புடிக்க எழுந்தாங்க. கொடத்த வச்சிட்டு அப்படியே உக்காந்துட்டாங்க." போனை வைத்தபோது எதிரில் ஒரு பெரியவர் பட்டா நகலுக்காக நின்றிருந்தார். அவருக்கு எடுத்துக் கொடுத்து, கையெழுத்து வாங்கி அனுப்பினேன். அதன் பிறகுதான் மற்றவர்களிடம் சொல்ல வாய் வந்தது.

வேங்கிக்கால் அலுவலகத்தில் பத்தொன்பது வருடம் எனக்கு அடுத்த நாற்காலி அவளுடையது. நாணயம் சேர்க்கும் பெண்ணாக உங்களில் பலருக்கு அவளைத் தெரியும். அடி அண்ணாமலையில் இருக்கும் அவள் வீட்டு மாடியில் ஓர் அமெரிக்க மூதாட்டி எட்டு வருடம் வாடகைக்கு இருந்தார். உடம்பு முடியாமல் ஊர் திரும்பியபோது, தன் தாத்தா வங்கியிலிருந்து வாங்கி வந்து, செலவழிக்காமலே வைத்திருந்த ஒரு வெள்ளி டாலரைக் காகித உறையோடு கஸ்தூரியிடம் கொடுத்துவிட்டுப் போனார். நூறு வருடத்துக்கு மேல் பழையது.

அது போன்ற ஒரு டாலர் எங்கோ ஏலத்தில் ஒரு வீட்டு விலைக்குப் போன செய்தியை ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அவள் காட்டினாள். எங்கள் கண்காணிப்பாளர் சிரித்தார். "அந்த வெள்ளிய உருக்குனா ஒரு கொலுசு தேறுமாம்மா?"

"வெள்ளிக்கு யாரு சார் வெல குடுக்கறாங்க?" என்றாள். "அந்தக் காலத்துல அடிச்சி, மூட்ட மூட்டயா பேங்க்ல போட்டு வச்சாங்க. ஒண்ணோட ஒண்ணு இடிச்சி எல்லாத்துக்கும் மூஞ்சில கீறல். நெறைய உருக்கிட்டாங்க. மிச்சம் கை மாறிக் கை மாறித் தேஞ்சி போச்சி. அடிச்ச அன்னிக்கு எப்படி இருந்துதோ அப்படியே ஒண்ணு தப்பிச்சி வந்தா? ரெண்டு பேருக்கு அந்த ஒண்ணே வேணும்னா? சும்மா நல்லா இருக்கறதுக்கும் ரொம்ப நல்லா இருக்கறதுக்கும் நம்ம கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது சார். வெலயில மட்டும் தெரியும்."

பிறகு தன் டாலரை விளிம்பில் பிடித்து ஜன்னல் பக்கம் மெல்லச் சாய்த்தாள். அதன்மேல் வெளிச்சம் ஒரு சக்கரம்போலச் சுற்றி வந்தது. "இந்தச் சுத்தற வெளிச்சம் போச்சின்னா எல்லாம் போச்சி" என்றாள். விற்கும் எண்ணம் அவளுக்கு அன்று இல்லை.

மூன்று வருடத்துக்கு முன் அவள் கணவர் ஏழுமலைக்கு ஈரல் கெட்டுப்போனது. வேன் ஓட்டியவர், ஒருநாளும் குடித்தவரில்லை. ஏதோ கிருமி என்றார்கள். மாற்று ஈரல்தான் வழி என்று சென்னை மருத்துவர்கள் சொல்ல, அவருடைய தங்கை தன் ஈரலில் பாதியைத் தர முன்வந்தார். செலவுக்குத்தான் வழியில்லை. கீழ்பென்னாத்தூர் நிலம் பங்காளிகள் வழக்கில் கிடந்தது. கஸ்தூரி டாலரைப் படம் எடுத்துச் சென்னையில் ஏலம் நடத்தும் ஒருவருக்கு அனுப்பினாள். நேரில் கொண்டுவரச் சொன்னார். படத்தில் இருப்பதுபோலவே இருந்தால் சிகிச்சைக்குக் கவலையில்லை என்றும் சொன்னார்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கஸ்தூரி உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தாள். ஏழுமலை கட்டிலில் சாய்ந்து, உறையைப் பிரித்து எனக்குக் காட்டினார். விளிம்பெல்லாம் நீலமும் பழுப்புமாக நிறம் ஏறியிருந்தது. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. "ரொம்ப கறுத்துப் போயிருக்கே. கொஞ்சம் பளிச்சுனு இருந்தா இன்னும் ஜாஸ்திக்குப் போகுமோ என்னமோ" என்றேன். அவர் தலையாட்டினார். டீ வந்தது. பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

சென்னைக்கு நானும் துணைக்குப் போனேன். ஏலம் நடத்துபவர் உறையைப் பிரித்ததுமே டாலர் மின்னியது. கஸ்தூரியின் முகம் அப்போதே மாறிவிட்டது. அவர் விளக்கின் கீழ் வைத்துச் சாய்த்தார். வெளிச்சம் ஓரிடத்தில் நின்றது, சுற்றவில்லை. லென்ஸை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"யாரும்மா தேச்சது?"

கஸ்தூரி டாலரை விளிம்பில் பிடித்து வாங்கி, தானும் ஒருமுறை சாய்த்துப் பார்த்தாள்.

"முழுக்க மயிரிழைக் கீறல். துலக்குனத ஏலத்துல தரம் போட மாட்டாங்கம்மா. இத இனிமே வெள்ளி வெலைக்குத்தான் கேப்பாங்க. கொஞ்சம் மேல கெடைக்கலாம்." குரலைத் தாழ்த்திக்கொண்டு, "படத்துல பாத்தப்ப எனக்கே கை துறுதுறுன்னு இருந்துது" என்றார்.

திரும்பும் பேருந்து செஞ்சியைத் தாண்டியது. பிறகு சொன்னாள்: "விபூதி போட்டுத் தேச்சிருக்காரு. நேத்து பூஜை மாடத்துல விபூதித் தட்டு எடம் மாறி இருந்துது, நான்தான் கவனிக்கல. சட்ட பட்டன் போட முடியாது விஜி அவரால. கை அப்படி நடுங்குது. அந்தக் கையால எவ்ளோ நேரம் தேச்சிருப்பாரு?" பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "பளபளன்னு இருக்கணும்னு அவருக்கு யாரு சொன்னாங்களோ தெரியல" என்றாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டாலரை ஏலத்துக்கு எடுத்துக்கொண்டார்கள் என்று வீட்டில் சொன்னாள். ஏழுமலை தினமும் கேட்பார். "இன்னா கஸ்தூரி, ஏலம் வந்துதா?" "பெரிய ஏலங்க. அடுத்த மாசம்" என்பாள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவர் சொன்னார்: "நான்தான் துலக்கிக் குடுத்தேன். கண்ணாடி மாதிரி ஆயிடுச்சி." என்னிடமும் சொன்னார். அவள் பக்கத்தில் நின்று, "ஆமா, நல்லா துலக்கியிருந்தாரு" என்றாள். கடனுக்கு அவள் கொடுத்த மனுக்கள் ஒன்றும் நகரவில்லை. ஏழு வாரத்தில் அவர் போய்ச் சேர்ந்தார், அடுத்த மாதம் ஏலம் என்று நம்பிக்கொண்டு.

அதற்குப் பிறகு நாணயங்களைப் பற்றி அவள் பேசி நான் கேட்கவில்லை. மற்றவற்றையெல்லாம் எடைக்குப் போட்டாள். டாலரை என்ன செய்தாள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. வேலைக்கு வந்தாள், போனாள். சாப்பாட்டு டப்பாவைப் பாதியில் மூடுவாள். "பசி கம்மியாயிடுச்சி" என்பாள். மருத்துவரிடம் போகலாம் என்று நான் கூப்பிட்டபோதெல்லாம் ஒரே பதில்தான்: "போயி இன்னா பண்ணப்போறேன்?"

போன மாதம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். கிரிவலம் வந்த பௌர்ணமிக் கூட்டம் வாசலைத் தாண்டி நடந்துகொண்டிருந்தது. எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். "கஸ்தூரி, அந்த டாலர் விஷயத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"அத விடு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு மெட்ராசுக்கு எங்கூட வர ஒருத்தர் இல்ல. நீ வந்த. அது போதும் எனக்கு."

சொல்லாமல் திரும்பிவிட்டேன். இப்போது அவளைத் தெரிந்த உங்கள் எல்லோரிடமும் சொல்கிறேன். கேட்க வேண்டியவள்தான் இல்லாமல் போய்விட்டாள். அவளுடையதாக என்னிடம் இருப்பது அந்தக் கையின் சூடும், எனக்குச் சேராத அந்த நன்றியும்தான்.