டுரான்டா காய்க்காத பக்கம்

முடிச்சூரில் வீடு கட்டிக் குடிவந்த புதிது. இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். நானும் பக்கத்து வீட்டுக்காரியும் ஒரே நாளில், ஒரே நர்சரியில் ஆளுக்கொரு டுரான்டா செடி வாங்கினோம். வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும், கொத்துக் கொத்தாக ஊதாப் பூ பூக்கும், மார்கழியில் ஆரஞ்சு மணிகளாகக் காய்த்துத் தொங்கும் என்றார் நர்சரிக்காரர். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இந்தப் பக்கம் ஒன்றுமாக நட்டோம்.

மூன்றாம் வருடம் அவள் செடி காய்த்தது. என்னுடையதில் ஒரு மணி இல்லை.

அந்தக் காய்களை அவள் கோலத்தின் நடுவில், பூசணிப் பூவைச் சுற்றிச் சாணியில் பதித்து வைத்தாள். அதுவரை தெருவில் என் கோலத்துக்குத்தான் பேர். இப்போது கோயிலுக்குப் போகிறவர்கள் அவள் வாசலில் நின்று ரசித்துவிட்டு, என் கோலத்தின் ஓரத்தை மிதித்துக்கொண்டு போனார்கள். பால் வாங்கப் போன என் கணவரும் அங்கே நின்றார். அன்றைக்கு அவருக்கு ஆறின காபிதான்.

கடலைப் புண்ணாக்கு ஊறவைத்து ஊற்றிப் பார்த்தேன். அவள் ஏதோ உரம் போட்டு மறைக்கிறாள் என்று மாடியிலிருந்து வேவு பார்த்தேன். பாவி, அரிசி களைந்த தண்ணீரைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தாள். நல்ல செடியை அவளுக்குக் கொடுத்துவிட்டதாக நர்சரிக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். சாமியிடமும் முறையிட்டேன், தட்டு நிறைய ஊதாப் பூவை வைத்துக்கொண்டே.

கடைசியில் பொறுக்கமாட்டாமல் அவளிடமே கேட்டேன். "உங்களுது மட்டும் எப்படிங்க காய்க்குது?"

அவள் தயங்கினாள். "நீங்க பூஜைக்குப் பூவெல்லாம் பறிச்சுடறீங்களே டீச்சர். அப்புறம் எப்படிக் காய்க்கும்?"

நான் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள். பூ காயாகிற பாடத்தை வருடா வருடம் போர்டில் படம் போட்டு நடத்துகிறவள். அத்தோடு வாயை மூடியிருக்கலாம்.

"ஒரு கொத்துகூடவா தப்பியிருக்காது? வேற என்னவோ இருக்கு" என்றேன்.

அவள் தன் செடியைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவள் பக்கம் முழுக்க ஆரஞ்சு. மதிலைத் தாண்டி என் பக்கம் நீண்ட கிளைகளில் மட்டும், என் கை எட்டும் உயரம் வரை, ஒன்றுமில்லை. என் கூடை நிறையாத நாட்களில், அவள் எழுந்திருக்குமுன் நான் பறித்த கிளைகள் அவை.

"எங்க செடியும் உங்க பக்கம் காய்க்கிறதில்ல டீச்சர்" என்றாள்.