பீரோவில் காய்ந்த பிடிகள்

மாரெட்பள்ளியில் ஒரு வீட்டுக்குப் பின்னால், கார் நிறுத்த வேண்டிய இடத்தில் தகரக் கூரை போட்டு நடந்த பட்டறை அது. பாய் என்று நாங்கள் கூப்பிடுகிற குயவர் சக்கரத்தில் காபி மக்கின் உடம்பை எடுப்பார். அதற்குப் பிடி ஒட்டுவது என் வேலை. வீட்டுக்கார மேடம் தமிழ்க்காரர். சாயம் பூசுவது, சூளை பார்ப்பது, ஆர்டர் பிடிப்பது எல்லாம் அவர். எங்கள் மூன்று பேரைத் தவிர வேறு ஆள் கிடையாது.

நான் ஒன்பதாவதோடு படிப்பை விட்டவள். அங்கே வருவதற்கு முன் நாச்சாரத்தில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங்கில் ஆறு வருஷம் நின்றேன். நின்றேன் என்றால் நின்றேன்தான், ஸ்டூல் கிடையாது. காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு முட்டிக்குக் கீழே நீலமாகப் புடைத்த பிறகுதான் விட்டேன். உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்ததும் சந்தோஷம் வருவதற்கு முன்னால், இது எத்தனை நாளைக்கு என்கிற பயம் வந்துவிட்டது.

மண்ணை முள்ளங்கி மாதிரி உருட்டி இடது கையில் தொங்கவிட்டு, வலது கையைத் தண்ணீரில் நனைத்து மேலிருந்து கீழே உருவ வேண்டும். பால் கறக்கிற மாதிரி என்று மேடம் சொல்லிக்கொடுத்தார். சனத்நகரில் பிறந்து வளர்ந்த நான் மாட்டைத் தொட்டதே இல்லை. மகளுக்குத் தலைக்கு ஊற்றிவிட்டு முடியில் ஈரம் வழிப்பேனே, எனக்கு அது அப்படித்தான் இருந்தது. இருபது தடவை உருவினால் பட்டையாக நீளும். அதை வளைத்து, கொஞ்சம் இறுக விட்டு, மக்கில் ஒட்டுகிற இரண்டு இடத்தையும் முள்கரண்டியால் கீறி, மண்குழம்பு தடவி, உள்ளே ஒரு விரலை முட்டுக் கொடுத்து அழுத்த வேண்டும். அப்புறம் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி நாலு நாள் மெதுவாகக் காய விட வேண்டும். உடம்பு கனம், பிடி மெலிசு. பிடி முந்திக் காய்ந்தால் ஒட்டின இடம் விரிசல் விட்டுவிடும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

ஹைடெக் சிட்டி பக்கம் மாசத்துக்கு ஒரு கண்ணாடிக் கட்டடம் எழும்பிய காலம். ஒரு கம்பெனி புது ஆபீஸ் திறக்கிறது, ஆளுக்கு ஒன்று என்று முன்னூறு மக் கேட்டிருந்தார்கள். அன்றிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. யாரோ ஒரு பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மக்கைத் தூக்குகிறாள், பிடி கையோடு வருகிறது, கொதிக்கிற காபி அவள் மடியில். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அவங்க குடிக்கிறது மெஷின் காபி. அது எங்க கொதிக்கப்போவுது?" என்றார்.

அறுபது அறுபதாகச் செய்தோம். முதல் அறுபதில் இருபத்துமூன்று பிடிகளில் விரிசல். அடுத்ததில் இருபத்தாறு. ஏப்ரல் மாசம், தகரக் கூரைக்குக் கீழே அனல். மேடம் உடைந்த மக் ஒன்றைக் கம்பியால் இரண்டாக அறுத்து, சுவர் ஒரு பக்கம் கனமாக இருக்கிறது என்று பாயிடம் காட்டினார். பாய் தலையைக் குனிந்துகொண்டு கையிலிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அடுத்த அறுபதும் இப்படி வந்தால் ஆர்டரை அச்சு வைத்துச் செய்கிற ஃபேக்டரிக்குக் கொடுத்துவிட்டு, இனி பிடி இல்லாத சாமான்களோடு நிறுத்திக்கொள்வதாக மேடம் சொன்னார். பிடி இல்லை என்றால் நானும் இல்லை. நாச்சாரம் கண் முன்னால் வந்தது. முள்கரண்டியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மேடம் உள்ளே போனதும் பாய் என்னைக் காயவைக்கிற பலகைக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். பல வருஷம் மேடத்தோடு பேசிப் பேசி அவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும்.

"முன்னாடி ரெண்டு வரிசை எல்லாம் போச்சு. சுவர் பக்கம் ஒண்ணுகூட போவல" என்றார். பலகை என் இடத்தை ஒட்டி இருந்தது. உட்கார்ந்தபடி கையை நீட்டினால் முதல் இரண்டு வரிசைதான் எட்டும்.

"அக்கா, பார்க்கிறது நக்கோ."

நக்கோ என்றால் வேண்டாம். அவ்வளவுதான் சொன்னார். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. நெஞ்சு அடித்துக்கொள்ளும் போதெல்லாம் நான் தாளைத் தூக்கி, ஒரு மக்கின் காதைப் பிடித்து லேசாக ஆட்டிப் பார்த்து, திரும்ப மூடுவேன். மூடியதும் அடுத்தது. தூக்குகிற ஒவ்வொரு தடவையும் அனல்காற்று உள்ளே போய்ப் பிடியைத்தான் முதலில் தொட்டிருக்கிறது.

மறுநாள் பஸ்ஸில் வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். மேடம் சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"பாய் மேல தப்பு இல்ல மேடம். நான்தான் தாளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன்."

"எதுக்கு?"

"நிக்குதான்னு பார்க்க."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

"எண்ணல மேடம்."

அவர் பூண்டைக் கீழே வைத்தார். "கேஸை மூடினோமான்னு பாதி வழியில திரும்பிப் போற ஆளா நீ?"

பஸ் ஸ்டாப் வரை வந்துவிட்டு இரண்டு தடவை போவேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "நானும் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். ஒரு தடவை" என்று சொல்லிவிட்டு மறுபடி பூண்டை எடுத்தார். என்னை வைத்துக்கொள்வாரா, அனுப்புவாரா, ஒன்றும் தெரியவில்லை.

மூன்றாவது அறுபதுக்குப் பிடி ஒட்டி முடித்த அன்று, உள்நடையில் இருந்த பழைய இரும்பு பீரோவை மேடம் காலி செய்து வைத்திருந்தார். புடவைகள் கட்டிலில் கிடந்தன. மூன்று பேரும் ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய் அடுக்கினோம். அவர் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "திருடன் வந்தா பாவம், மேடம்" என்றார் பாய்.

அந்த நாலு நாளும் தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்நடைக்குப் போய்ப் போய் வந்தேன். பீரோக் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். இரும்பு என்ன சொல்லும்?

ஐந்தாம் நாள் திறந்தார். அறுபதில் இரண்டு போயிருந்தது. "மேசையைத் துடைச்சிட்டு அடுத்ததை ஆரம்பி" என்றார். நான் துணியை நனைத்து மேசையைத் துடைத்தேன். பாய் அந்த இரண்டையும் எடுத்துப்போய் ஊறுகிற மண்தொட்டியில் போட்டார். அவரிடம் மன்னிப்பு என்று எதையும் நான் கேட்கவில்லை. அவருடைய வாளியில் தண்ணீர் நிரப்பி வைத்தேன். இவ்வளவு வேண்டாம் என்று பாதியைக் கொட்டிவிட்டார்.

முன்னூறும் போய்ச் சேர்ந்தது. அந்த மேசையில் இன்னும் ஏழு வருஷம் உட்கார்ந்திருந்தேன். எல்லாப் பிடியும் பீரோவில்தான் காய்ந்தது. ஒரு முறை மேடம் தன் மகளைப் பார்க்கச் சென்னைக்குக் கிளம்பும்போது பீரோ சாவியை என்னிடம் கொடுத்தார். அவருடைய ஆட்டோ தெருமுனை திரும்பும் வரை கையில் வைத்திருந்தேன். பிறகு போய்ப் பாயிடம் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிவிட்டார்.